கேர்னலை வாசிக்க விட்டவர்களும் விடாதவர்களும்

கணினியின் பொத்தானை அமத்துகிறோம். கறுப்புத் திரையில் ஒரு சின்னம் கொஞ்ச நேரம் சுத்துது, பிறகு கடவுச்சொல் கேட்கிறது. இடையில் போன அந்தச் சில விநாடிகளைப் பற்றி நாங்கள் பெரிதாக யோசிப்பதில்லை. உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவர்கள் பணிசெயல் முறைமையின் தொழில்கள் என்று ஐந்தாறு புள்ளிகளைப் பாடமாக்கியிருப்பீர்கள். நினைவக முகாமை, கோப்பு முகாமை, செயன்முறை முகாமை என்று வரிசையாகச் சொல்லலாம், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த முகாமையை எல்லாம் செய்கிற சாமானை யாரோ ஒரு ஆள் இருந்து வரிவரியாக எழுதியிருக்க வேணும் அல்லவா? அதை நாமும் எழுதிப் பார்க்கலாமா என்ற கேள்வி வகுப்பில் வருவதே இல்லை.

அந்தச் சாமானுக்குப் பெயர் கேர்னல் (கேணல் இல்லை, கேர்னல்). பணிசெயல் முறைமையின் நடுப்பகுதி இதுதான். வன்பொருளோடு நேரே கதைப்பது இது ஒன்றே. மற்ற எல்லா மென்பொருளும் இதனிடம் கேட்டுத்தான் நினைவகமும் டிஸ்க்கும் திரையும் பெறுகின்றன. இதைத் தனியாளாக எழுதி, வெறும் கணினியில் ஏற்றி ஓடவிட்ட ஆட்களின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அது எழுதினவர்களின் கதை மட்டும் இல்லை. எழுதப் பழகுவதற்கு முன்னால் அவர்களுக்கு வாசிக்க என்ன கிடைத்தது, யார் வாசிக்க விட்டார்கள், யார் பூட்டி வைத்தார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்தின் தாய்க் கம்பனி ஏடிஅண்ட்டி. அமெரிக்கத் தொலைபேசிச் சேவை பெரும்பாலும் அதன் கையில்தான் இருந்தது. அதனால் 1956இல் அரசோடு செய்துகொண்ட ஒரு இணக்கத் தீர்ப்பின்படி அது தொலைபேசிக்கு வெளியே வியாபாரம் செய்ய முடியாது. கணினி மென்பொருள் விற்கிற கடையை அது திறக்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். ஆகவே பல்கலைக்கழகங்கள் கேட்டபோது சிறிய தொகைக்கு யுனிக்ஸைக் கொடுத்தார்கள், மூலநிரலோடு சேர்த்து. இது பெருந்தன்மையால் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. சட்டம் கையைக் கட்டிவைத்ததால் திறந்த கதவு அது.

அந்தக் கதவால் உள்ளே போனவர்களில் ஒருவர் ஜோன் லயன்ஸ். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கேர்னல் மொத்தமே ஏறத்தாழ 9,000 வரிகள்தான். ஒரு மாணவன் ஒரு வருடத்தில் முழுதாக வாசித்து முடிக்கக்கூடிய அளவு. லயன்ஸ் அதை வரி எண் போட்டு அச்சடித்து ஒரு புத்தகமாக்கினார். பக்கத்தில் வைத்து வாசிக்க, வரிக்கு வரி விளக்கம் சொல்லும் இன்னொரு புத்தகம் எழுதினார். 1976, 1977 காலத்தில் அவருடைய வகுப்புக்கு இவைதான் பாடநூல்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அதுவரை பணிசெயல் முறைமை என்ற பாடம் பெரும்பாலும் கொள்கைப் பாடமாகத்தான் இருந்தது. படம் கீறி, பெட்டி போட்டு, அம்புக்குறி வைத்து விளக்குவார்கள். லயன்ஸின் மாணவர்களோ உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேர்னலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார்கள். சமையல் குறிப்பைப் பாடமாக்குவதற்கும் அடுப்படியில் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்த நிரலில் 2238ஆம் வரி மிகவும் பிரபலம். ஒரு செயன்முறையை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், இதை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கனபேர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். ரிச்சி பிற்காலத்தில் சொன்ன விளக்கம் வேறு. இது சோதனைக்கு வராது என்று வாத்தியார் சொல்வாரே, அந்த மாதிரித்தான் எழுதினோம்; உண்மையில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை என்றார். கேர்னலை எழுதினவர்களே இப்படிச் சொன்னது தொடக்கக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு தரும்.

பிறகு கதவு மூடத் தொடங்கியது. 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது அதன் உரிமத்தில் மூலநிரலை வகுப்பில் படிப்பிக்கக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். லயன்ஸின் புத்தகங்களும் உரிமம் உள்ள இடங்களைத் தாண்டிப் போக முடியாது. அப்போ என்ன நடந்திருக்கும்? போட்டோ கொப்பி. கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி என்று எழுத்து மங்கி மங்கி அது உலகம் சுத்தியது. கணினித் துறையில் ஆக அதிகம் போட்டோ கொப்பி அடிக்கப்பட்ட புத்தகம் இதுதான் என்று பெயர் எடுத்தது. ரியூசன் நோட்ஸ் கொப்பியில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. 1984இல் ஏடிஅண்ட்டி உடைக்கப்பட்டது. பழைய கட்டுப்பாடு போனது, யுனிக்ஸை முழு வியாபாரமாக விற்கும் வழியும் திறந்தது. லயன்ஸின் புத்தகம் முறைப்படி அச்சில் வர 1996 ஆனது. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்துவிட்டார்.

வகுப்புத் தடையால் கைநிரல் இல்லாமல் நின்றவர்களில் ஒருவர் ஆம்ஸ்ரடாமில் படிப்பித்த அன்ட்ரூ ரனன்பாம். வாசிக்க ஒரு கேர்னலும் இல்லை என்றால் நானே ஒன்று எழுதிவிடுகிறேன் என்று அவர் இறங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் மாதிரியே இருக்கும், உள்ளே ஒரு வரிகூட ஏடிஅண்ட்டியின் நிரல் இல்லை. பெயர் மினிக்ஸ். 1987இல் அவருடைய பாடநூலோடு சேர்ந்து வந்தது. ஏறத்தாழ 12,000 வரி நிரல் புத்தகத்தின் பின்பகுதியிலேயே அச்சாகியிருந்தது. வன்தட்டுக்கூட இல்லாத சாதாரண ஐபிஎம் பிசியில், பிளொப்பியிலிருந்து ஓடும்.

பெரிய இயந்திரம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, வீட்டு மேசையில் கேர்னலைத் திருத்தி ஏற்றிப் பார்க்கும் காலம் இப்படித்தான் பரவலானது. ஆனால் மினிக்ஸும் முழுச் சுதந்திரம் இல்லை. பதிப்புரிமை பதிப்பாளரிடம். விலை கொடுத்துத்தான் வாங்க வேணும், திருத்திய முழு நிரலை மற்றவருக்குக் கொடுக்க முடியாது. திருத்தத்தை மட்டும் தனியே பகிரலாம். இன்னொரு பக்கம், அதைச் சேருங்கோ இதைச் சேருங்கோ என்று பாவனையாளர்கள் அனுப்பிய யோசனைகளில் அனேகமானவற்றை ரனன்பாம் மறுத்துக்கொண்டிருந்தார். ஒரு தவணைக்குள் மாணவன் வாசித்து முடிக்கும் அளவைத் தாண்டக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பிறகு இதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் கனபேர். ஆசிரியராக அவர் செய்தது சரி என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி ஹெல்சிங்கி. லினஸ் டோவால்ட்ஸ் என்ற பல்கலைக்கழகப் பெடியன் 1990 கோடையில் ரனன்பாமின் புத்தகத்தை வாசிக்கிறான். 1991 ஜனவரியில் தவணை முறையில் ஒரு 386 பிசி வாங்குகிறான். 33 மெகாஹேர்ட்ஸ் வேகம், 4 மெகாபைட் நினைவகம். மினிக்ஸ் பிளொப்பிகள் வந்துசேரும் வரை கேம் விளையாடிக்கொண்டிருந்தானாம். மினிக்ஸ் வந்த பிறகு அவனுக்குப் பிடிக்காமல் போனது, பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியாக இணைகிற நிரல்தான். சரி, நானே எழுதுகிறேன் என்று தொடங்கினான். அதுவும் மினிக்ஸுக்கு மேலே இல்லை, வெறும் வன்பொருளில். 386 என்ற செயலி எப்படி வேலை செய்கிறது என்று பழக அவனுக்கு ஆசை.

அவனுடைய முதல் சோதனையைக் கேட்டால் சிரிப்பு வரும். இரண்டு செயன்முறைகள். ஒன்று திரையில் ‘ஏ’ எழுத்தையே அடித்துக்கொண்டிருக்கும், மற்றது ‘பி’ எழுத்தை. கடிகார இடைமறிப்பு வரும்போது செயலி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவ வேணும். ஏஏஏஏ, பிபிபிபி என்று மாறி மாறி வந்தால் வெற்றி. பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இதுவும் 2238ஆம் வரியில் நடப்பதும் ஒரே வேலைதான், செயன்முறை மாற்றம். பிறகு ‘ஏ’ அடித்தது விசைப்பலகையிலிருந்து மோடத்துக்கு எழுத்தை அனுப்பும் வேலையையும், ‘பி’ அடித்தது மோடத்திலிருந்து திரைக்குக் கொண்டுவரும் வேலையையும் எடுத்துக்கொண்டன. கோப்பு இறக்க ஆசை வந்தது; அதற்கு டிஸ்க் இயக்கி வேணும். டிஸ்க்கில் எழுதக் கோப்பு முறைமை வேணும். மினிக்ஸின் அமைப்பையே எடுத்துக்கொண்டான். இப்படி ஒன்று ஒன்றாய்ச் சேர்ந்து, தன்னையறியாமலே ஒரு கேர்னலுக்குள் போய் நின்றான். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி மினிக்ஸ் பாவனையாளர்களுக்கு அவன் எழுதிய அறிவித்தலில், இது சும்மா பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றான். செப்ரெம்பர் 17இல் 0.01 வெளியானது. ஏறத்தாழ 10,000 வரிகள்.

இந்த 0.01 இன்றும் இறக்கி வாசிக்கக் கிடைக்கிறது. கேர்னல் எப்படி எழும்புகிறது என்று பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் குறைவு. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிசியை ஓன் பண்ணியதும் முதலில் ஓடுவது தாய்ப்பலகையில் இருக்கும் பயோஸ். அது டிஸ்க்கின் முதலாவது துண்டை, அதாவது 512 பைட்டை மட்டும், நினைவகத்தின் 31,744ஆவது முகவரியில் போடும். ஏன் அந்த வினோத எண்? 32 கிலோபைட்டிலிருந்து 1 கிலோபைட்டைக் கழித்துப் பாருங்கள். முதல் பிசிகளின் சிறிய நினைவகத்தில், மேல் ஓரமாய் ஒதுங்கி இருக்கட்டும் என்று வைத்த இடம் அது. அந்த 512 பைட்டின் கடைசி இரண்டும் 85, 170 என்று இருக்கவேண்டும். இருந்தால் பயோஸ் நம்பி, கட்டுப்பாட்டை அங்கே ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது, யார் எழுதினது என்று எதுவும் கேளாது. 510 பைட்டுக்குள் நீங்கள் என்ன எழுதினாலும் அந்தக் கணத்தில் முழு இயந்திரமும் உங்களுடையது.

லினஸின் 512 பைட் செய்தது இதுதான். முதலில் தன்னையே தூக்கி நினைவகத்தின் மேல்பக்கம் வைத்துக்கொண்டது. பிறகு பிளொப்பியிலிருந்து மிச்சக் கேர்னலை வாசித்தது. பிறகு அதை நினைவகத்தின் தொடக்கத்துக்கு, பூச்சிய முகவரிக்கு இழுத்தது. அந்தக் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது: கேர்னலுக்கு 512 கிலோபைட் போதும், எதிர்காலத்திலும் பிரச்சினை வராது என்று. இன்றைய லினக்ஸ் கேர்னலின் அளவைத் தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

அடுத்த கட்டம்தான் தொடக்கக்காரர் பலர் சறுக்கும் இடம். பழைய 8086 செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள், 1 மெகாபைட்தான் எல்லை. அதைத் தாண்டினால் முகவரி சுத்தி மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும், சில பழைய நிரல்கள் இந்தச் சுற்றையே நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984இல் கூடுதல் கம்பிகள் உள்ள செயலியோடு புதிய பிசியைச் செய்த ஐபிஎம், பழைய நிரல்கள் உடையக்கூடாது என்று 21ஆவது கம்பியை மூடித்திறக்கும் ஒரு கதவை வைத்தது. அந்தக் கதவின் திறப்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? விசைப்பலகையைக் கட்டுப்படுத்தும் சிப்பில். அதில் ஒரு கால் சும்மா இருந்ததாம்! ஆகவே 1 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் வேணும் என்றால் விசைப்பலகைச் சிப்பிடம் போய்க் கேட்க வேணும். இதை ஒரு கொள்கைப் புத்தகத்திலிருந்து ஊகிக்கவே முடியாது. ஏற்கெனவே செய்த ஒருவரின் நிரலை வாசித்தால்தான் தெரியும்.

அதைத் திறந்து, இடைமறிப்புகளை ஒழுங்குபடுத்தி (இந்த வேலை கொஞ்சமும் சந்தோசமாய் இருக்கவில்லை என்று லினஸ் அங்கேயே எழுதி வைத்திருக்கிறான்), செயலியைப் பாதுகாப்பு நிலைக்கு மாற்றினால் அதன் பிறகு பயோஸ் துணையும் இல்லை. இந்த இடத்தில் ஒரு பிழை விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. பிழையைக் கையாளப் போன இடத்திலும் பிழை, அதைக் கையாளப் போனாலும் பிழை என்றால் செயலி கைவிட்டுவிடும். கணினி சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து எழும்பும். எல்லாம் சரியாக வந்தால் சி மொழியில் எழுதிய பகுதி தொடங்கும். திரை, இடைமறிப்பு, செயன்முறை அட்டவணை, டிஸ்க் என்று ஒவ்வொன்றாய்த் தயார்படுத்தி, கடைசியில் முதலாவது பிள்ளைச் செயன்முறை பிறக்கும். அது கட்டளைக் கோட்டைத் திறந்து உங்களுக்காகக் காத்திருக்கும்.

0.01இல் விசைப்பலகை பின்லாந்து எழுத்துவரிசையில்தான் வேலை செய்யும். வன்தட்டின் அளவை நிரலிலேயே எழுதித் தொகுக்க வேணும். தொகுக்க மினிக்ஸும் வேணும். லினக்ஸ் முழுமையாய் மாறியதற்கு ஒரு விபத்தும் காரணம். ஒருநாள் லினஸ் மோடத்துக்கு அனுப்ப நினைத்த எண் சுழற்றும் கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டான். மினிக்ஸ் இருந்த பகுதி அழிந்துபோனது. திரும்ப மினிக்ஸைப் போடுவதா, இல்லை லினக்ஸையே தன்காலில் நிற்கவைப்பதா என்ற கேள்வியில் இரண்டாவதைத் தேர்ந்தான்.

உரிமத்தைக் கவனியுங்கள். முதலில் அவன் போட்ட நிபந்தனை, யாரும் இதை விற்றுக் காசு பார்க்கக்கூடாது என்பது. பிளொப்பியில் கொப்பி பண்ணிக் கொடுப்பவர்கள் செலவுக்காவது காசு வாங்க வேணும் என்றார்கள். 0.12 பதிப்போடு, 1992 பெப்ரவரி 1 முதல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினான். விற்கலாம், திருத்தலாம், ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலும் கூடவே போகவேண்டும். மினிக்ஸில் முடியாமல் போனது இதுதான். அதே நேரத்தில், 1992 ஜனவரி 29இல், லினக்ஸின் வடிவமைப்புப் பழசாகிவிட்டது என்று ரனன்பாம் வெளிப்படையாக எழுத, இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. சிறு கேர்னலா பெருங்கேர்னலா என்ற அந்தச் சண்டையைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். எங்களுக்குச் சுவாரசியமானது வேறு. மினிக்ஸ் கட்டுப்பாடில்லாத உரிமத்துக்கு 2000ஆம் ஆண்டில் மாறியது. அதற்குள் எல்லாரும் லினக்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

வென்ற லினக்ஸ் வளர்ந்துகொண்டே போனது. 1994 மார்ச்சில் 1.0 வந்தபோதே 1,76,000 வரிகளைத் தாண்டியிருந்தது. இன்று கோடிக் கணக்கில். திறந்துதான் கிடக்கிறது, யாரும் வாசிக்கலாம். ஆனால் யார் முழுதாக வாசித்து முடிப்பது? ரனன்பாம் பயந்தது இதற்குத்தான். 2002இல் எம்ஐடியில் பணிசெயல் முறைமை வகுப்பொன்று தொடங்கியபோது அவர்கள் கையில் எடுத்தது லினக்ஸை இல்லை, லயன்ஸின் பழைய புத்தகத்தை. இல்லாத ஒரு பழைய இயந்திரத்தின் நிரலை ஏன் படிக்கவேண்டும் என்று மாணவர்கள் இழுபட, 2006இல் ஆறாம் பதிப்பின் வடிவத்தையே இன்றைய செயலிக்கு மாற்றி எழுதி எக்ஸ்வி6 என்று பெயரிட்டார்கள். லயன்ஸ் செய்த மாதிரியே வரி எண் போட்டு அச்சடித்து வாசிக்கலாம். இலவசம்.

நீங்கள் இன்றைக்குத் தொடங்கப் போனால் லினஸ் பட்ட பாடு படத்தேவையில்லை. ஃபப்ரிஸ் பெலார்ட் 2003இல் தொடங்கிய கியூஎமு, உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியைச் செய்து தரும். அதற்குள் எத்தனைதரம் விழுந்தாலும் வன்தட்டு அழியாது. பொறிமொழியில் ஐந்தாறு வரி எழுதுங்கள். திரையில் ஒரு எழுத்தை அடிக்கச் சொல்லிப் பயோஸைக் கேட்கும் ஒரு கட்டளை, பிறகு அதே இடத்தில் சுத்திக்கொண்டு நிற்கும் ஒரு தாவல், மிச்சம் முழுக்கப் பூச்சியம், கடைசியில் 85, 170. கியூஎமுவில் ஏற்றினால் உங்கள் எழுத்து வரும். பாதுகாப்பு நிலைக்குப் போன பிறகு பயோஸை அழைக்க முடியாது; அப்போது 753,664ஆவது முகவரியில் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் திரையில் தெரியும். சி மொழியில் அச்சடிக்கும் செயலி எதுவும் அங்கே இல்லை. அதையும் நீங்கள்தான் எழுத வேணும். ஏற்றும் பகுதியை எழுத அலுப்பு என்றால் கிரப் போன்ற தயார் ஏற்றியை வைத்து, நேரே கேர்னலில் தொடங்கலாம். ஆனால் ஒருதரமாவது அந்த 512 பைட்டை நீங்களே எழுதிப் பாருங்கள். புதிய கணினிகளில் பயோஸின் இடத்தை யுஇஎஃப்ஐ எடுத்துவிட்டது, ஆகவே இதைக் கியூஎமுவில் செய்வதே சுகம்.

எழுதி ஓடவிட்டதும், இயந்திரத்தில் இப்போது ஓடுவது என் நிரல் மட்டுந்தான் என்று ஒரு சந்தோசம் வரும். கியூஎமுவுக்குள் அது உண்மை. நிசக் கணினியில் அப்படி இல்லை. 2015இலிருந்து வந்த இன்டெல் சிப்புகளில் பிரதான செயலிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு செயலி இருக்கிறது. பிரதான செயலி தன் முதல் கட்டளையைத் தொட முன்னமே அது எழும்பிவிடும். 2017இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்குள் ஓடும் பணிசெயல் முறைமை எது என்று கண்டுபிடித்தார்கள்: மினிக்ஸ் 3. ஒரு தவணைக்குள் வாசித்து முடிக்கட்டும் என்று ரனன்பாம் தொடக்கிய மினிக்ஸின் வாரிசு. இன்டெல் பொறியியலாளர்கள் முன்பு சில மாற்றங்கள் கேட்டபோது அவர் செய்து கொடுத்திருந்தார், எங்கே போடுகிறார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. உரிமப்படி சொல்லத் தேவையும் இல்லை. செய்தி வந்த பிறகு இன்டெல் தலைவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் அதில் அவருடைய மனக்குறை. இன்டெல் திருத்திப் போட்ட அந்த மினிக்ஸின் மூலநிரலை வெளியார் யாரும் வாசிக்க முடியாது.